கால் தரையில் படாமல்

இரவு 11.20 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் கம்பெனி பஸ்ஸின் இரைச்சல். "மேம், தூங்கிட்டீங்களா? ஒரு டவுட்டு. செகண்ட் இயர்ல ஈத்திரியல்னு ஒரு வார்த்தை நடத்துனீங்கல்ல. அதுவும் ஈத்தரும் ஒண்ணா மேம்?"

2023ஆம் ஆண்டு, ஆடி மாதம். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய ஒரு கலை அறிவியல் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். படித்து முடித்த மாணவிகளில் பாதிப்பேர் ஒரகடத்துக்கோ சுங்குவார்சத்திரத்துக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள். மில்டனையும் வேர்ட்ஸ்வொர்த்தையும் படித்துவிட்டு லைனில் நின்று திருகாணி முடுக்குகிறார்கள். அவர்களிடமிருந்து எனக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள், டிகிரி சர்டிபிகேட் எப்போது கிடைக்கும் என்ற விசாரிப்புகள். ஒரு பெயரடையைப் பற்றி யாரும் இந்த நேரத்தில் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. படுத்தபடியே பதில் பேசி அனுப்பினேன். இரண்டும் ஒரே வேர்தான்மா. ஈதர் என்றால் வானத்துக்கு மேலே இருப்பதாகப் பழைய கிரேக்கர்கள் நினைத்த தூய காற்று. ஈத்திரியல் என்றால் அதைப்போல மெல்லிய, இந்த உலகத்தைச் சேராத அழகு. ஏன் கேட்கிறாய், ஏதாவது கவிதை எழுதுகிறாயா?

பதில் உடனே வந்தது. "இல்ல மேம். டப்பால எழுதியிருக்கு."

அந்த வார்த்தையை நான் நடத்திய வகுப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேர்ட்ஸ்வொர்த் தன் வானம்பாடியை விளிக்கும்போது பயன்படுத்தும் பெயரடை அது. கரும்பலகையில் தமிழில் வானுலகுக்குரிய, நுண்ணிய, காற்றைப் போல் மெல்லிய என்று வரிசையாக எழுதினேன். எதுவும் பொருந்தவில்லை என்று தோன்றியதால், "கால் தரையில படாத மாதிரி ஒரு அழகு" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எங்க அக்கா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வர்றப்ப அப்படித்தான் மேம் வருவா. கால் தரையிலயே படாது." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு, போனில் அந்தச் சொல்லைப் போட்டுப் படங்களைத் தேடச் சொன்னேன். பனிமூட்டம், வெள்ளை கவுன், காற்றில் பறக்கும் பொன்னிறக் கூந்தல், எலும்பு தெரியும் தோள்கள். திரையை நகர்த்திக்கொண்டே இருந்த ஒருத்தி, "கறுப்பா ஒருத்தியும் இல்லையே மேம்" என்றாள். தேடுபொறியைக் குறை சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பாடம் முடிக்க வேண்டிய அவசரம். அந்த ஆண்டு விடைத்தாள்களில் நாலைந்து பேர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு மையால் கோடிட்டு 'நல்ல சொல்' என்று எழுதியது நான்தான்.

சொல் வகுப்பறையோடு நிற்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே ஒரு அழகு நிலையத்தின் ஃபிளெக்ஸ் பலகையில் அதைப் பார்த்தேன். மணப்பெண் அலங்காரத்துக்கு மூன்று பேக்கேஜ்கள். நடுவில் இருப்பதைவிட விலை கூடியது 'ஈத்திரியல் லுக்'. உள்ளே போய் விசாரித்தேன். "முகத்துல வெயிட்டே தெரியாது மேடம். தோல் உள்ளருந்து வெளிச்சம் வர்ற மாதிரி இருக்கும். நைட் ஷிப்ட் பாத்துப் பாத்துக் கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயிருக்குமில்ல, அதெல்லாம் மறைஞ்சிடும்" என்றார் அந்தப் பெண். அவரிடம் வரும் மணப்பெண்கள் பெரும்பாலும் கம்பெனிப் பெண்கள்தாம். எட்டு மணி நேரம் நின்று, வாரத்துக்கு ஒரு ஷிப்டாகத் தூக்கத்தை மாற்றி மாற்றி வைத்து, விடுதி அறையில் பாயைப் பங்கு போட்டு, அந்த வேலை உடம்பில் வைத்த தடயங்களை ஒரு நாளைக்கு மறைக்கப் பணம் கட்டுகிறார்கள். அதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்தன்று கண்ணுக்குக் கீழே கறுப்பு வேண்டாம் என்று நினைக்க யாருக்கும் உரிமை உண்டு. மறைக்கப்படுவதற்கு இப்படி ஒரு பெயர் கிடைத்திருப்பதுதான் உறுத்தியது.

டப்பாவுக்கு வருகிறேன். அவள் பெயரை இங்கே எழுதவில்லை, வேண்டாம் என்றாள். கல்லூரி முடித்து ஒரு வருடம், கல்யாணமாகி ஆறு மாதம். கணவருக்கு ஒரகடத்தில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை, இவளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் செய்யும் இடத்தில் கான்ட்ராக்ட் வேலை. பொருத்தி வரும் பலகைகளைத் திரவம் தொட்ட துணியால் துடைத்து அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். வழக்கமாகத் துடைப்பது ஐபிஏ எனப்படும் ஆல்கஹால். மருத்துவமனை வாடை அடிக்கும், பழகிவிடும். போன வாரத்திலிருந்து வேறொரு திரவம். இனிப்பு கலந்த வாடை, மதியத்துக்கு மேல் தலைவலி. சின்னக் குப்பிகளில் ஊற்றித் தருகிறார்கள். குப்பியில் ஒன்றும் எழுதியிருக்காது. ஸ்டோர் ரூமில் பெரிய டப்பாவைப் பார்த்திருக்கிறாள். அதில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் படமெடுக்க முடியாது. (போனுக்குள் போகும் பாகங்களைச் செய்கிறவர்கள் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. இந்த வட்டாரத்தில் இதை யாரும் வேடிக்கையாகக்கூட நினைப்பதில்லை.) பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாள். ஷிப்ட் முடிவதற்குள் அந்தத் திரவமே பாதியை அழித்துவிட்டது. மிச்சம் இருந்ததைப் பஸ்ஸில் வைத்துப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். "...லீன் கிளைக்கால் மோனோமெத்தில் ஈதர்." முன்னால் இருந்த எழுத்துகள் நீல மசியாகப் பரவிக் கிடந்தன.

அடுத்த குரல்பதிவு சின்னது. "நாள் தள்ளிப் போயிருக்கு மேம். அம்பது நாளாச்சு. அதான் கேட்டேன்."

வேர்ட்ஸ்வொர்த்தை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. நாளைக் காலை சொல்கிறேன், அதுவரை அந்தத் துணியைக் கையுறை இல்லாமல் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு விடிய விடிய விழித்திருந்தேன்.

காலையில் வேதியியல் துறையில் இருக்கும் தோழியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "முதல் எழுத்து என்ன?" என்றார். தெரியவில்லை என்றேன். "அதுதான் வேணும்" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இரண்டு கார்பன் தொகுதிகளுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் பாலம் போல நின்றால் அது ஈதர். அது ஒரு பொருள் அல்ல, பெரிய குடும்பம். ஆய்வகத்தில் வெறுமனே ஈதர் என்று சொல்வது டைஎத்தில் ஈதரை. கிளைக்கால் ஈதர்கள் இன்னொரு கிளை; எண்ணெயையும் கரைக்கும், நீரிலும் கலக்கும் என்பதால் பெயின்ட், மை, கண்ணாடி துடைக்கும் திரவம் என்று எங்கும் இருப்பவை. அவற்றில் சில வகைகள் எத்திலீனிலிருந்து வருகின்றன, சில புரொப்பிலீனிலிருந்து. எத்திலீன் வகையில் மெத்தில் ஈதரும் எத்தில் ஈதரும் கருவுக்கு ஆகாதவை. ஆண்களின் விந்தணு உற்பத்தியையும் கெடுப்பவை. மூக்கு வழியாகப் போவதோடு தோல் வழியாகவும் நன்றாக உள்ளே இறங்கும். புரொப்பிலீன் வகை அந்த அளவுக்கு மோசமில்லை. மாற்றாக வந்ததே அதுதான். "அழிஞ்சு போன இடத்துல எத்தி இருந்துச்சா, புரொப்பி இருந்துச்சா? உன் பொண்ணு திரும்பப் போய்ப் பாக்கணும்."

அழிந்துபோன அந்த எழுத்துகளைப் பற்றி இன்னொன்றும் பிறகு தெரிந்துகொண்டேன். எத்தில் என்ற பெயரே ஈதரிலிருந்து பிறந்தது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர்கள் ஈதரோடு பொருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைச் சேர்த்து அதைச் செய்தார்கள். வானம்பாடியின் பெயரடையும் என் மாணவியின் உள்ளங்கையில் அழிந்த எழுத்துகளும் உறவுக்காரர்கள்.

அமெரிக்காவில் இந்தக் கதை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் சிப் தயாரிப்பு ஆலை இருந்தது. 1980களின் நடுவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கு வேலை செய்த பெண்களிடம் கேட்டுப் பதிவு செய்தபோது, சில பிரிவுகளில் கருச்சிதைவு மற்ற பெண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. பிறகு ஐபிஎம் நிறுவனத்துக்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும், சிப் நிறுவனங்களின் சங்கத்துக்காக டேவிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் ஆய்வு செய்து 1992இல் முடிவுகளை வெளியிட்டன. மூன்று ஆய்வுகளுமே ஆபத்து இருக்கிறது என்றன. 1992இன் இரண்டும் எத்திலீன் வகைக் கிளைக்கால் ஈதர்களை நோக்கிக் கைகாட்டின. அந்த நிறுவனங்கள் அவற்றைக் கைவிடத் தொடங்கின. உலகத்திலேயே சுத்தமான அறை என்று பெருமையாகச் சொல்லப்பட்ட இடங்கள் அவை. ஒரு தூசிகூட உள்ளே வராமல் காற்றை வடிகட்டிக்கொண்டே இருந்தார்கள். வடிகட்டியது சிப்புக்காக.

நம் பக்கத்து ஆலைகளில் பெரும்பாலும் நடப்பது பாகங்களைப் பொருத்தும் வேலை; சிப் தயாரிப்பு அல்ல. அங்கே நடந்ததே இங்கேயும் நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பெண் துடைத்துக்கொண்டிருக்கும் திரவத்தின் முதல் எழுத்து அவளுக்குத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டால் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருந்தது. போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த 111ஏ பிரிவு, வேலையிடத்தில் தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. அதை அவளுக்கு அனுப்பினேன். "கேக்கலாம் மேம். ஏன் கேக்குறேன்னு கேப்பாங்களே" என்றாள்.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் ஐம்பது நாளைச் சொல்ல வேண்டும். இந்தச் சாலையில் கல்யாணம் ஆனவளா என்ற கேள்விக்கு இருக்கும் எடை வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்காது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுக்காமல் தவிர்த்துவந்தார்கள் என்று எழுதியது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. செய்தி வந்த நாளில் என் வகுப்பில் யாருக்கும் அது செய்தியாக இல்லை. அக்காமார்கள் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போன கதைகள் ஒவ்வொரு பெஞ்சிலும் இருந்தன. அது எந்தெந்தக் கம்பெனி என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. வெள்ளைக் கோட்டும் தலைக் குல்லாவும் முகமூடியும் போட்டுக்கொண்டு கண்கள் மட்டும் தெரிய வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு மாதவிலக்கும் கருப்பையும் மாமியாரும் கைக்குழந்தையும் இருக்கக் கூடாது. அவள் கால் தரையில் படக் கூடாது.

மில்டனுக்கு இது நன்றாகத் தெரியும் என்று இப்போது தோன்றுகிறது. 1667இல் வந்த 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தின் ஆறாம் காண்டத்தில் வானுலகப் போர் நடக்கிறது. மைக்கேலின் வாள் சாத்தானின் விலாவைப் பிளக்கிறது. வலிக்கிறது, ஆனால் பிளந்த இடம் சீக்கிரமே தானாக மூடிக்கொள்கிறது. காரணம், அவன் உடல் ஈதரால் ஆனது. இந்தப் பெயரடைக்கு மில்டன் தரும் பொருள் அதுதான்: வெட்டினால் மூடிக்கொள்ளும், தழும்பு நிற்காத, விடுப்புக் கேட்காத உடல். அங்கே அது போர் செய்யும் ஆண் தேவதைகளின் உடல். பெண்ணின் தோளுக்கும் கழுத்துக்கும் அது எப்போது இறங்கி வந்தது என்பது தனிக் கதை. இறங்கி வரும்போது வாளை விட்டுவிட்டது. தழும்பு நிற்காது என்பதை மட்டும் கொண்டுவந்தது.

நம் ஊரிலேயே இந்தச் சொல்லோடு வாழ்ந்த ஒரு பெண் இருந்தார். அன்னி பெசன்ட். 1888இல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையின் பெண்களைச் சந்தித்து, அவர்களுடைய கூலி, அபராதம், வேலை நிலைமை பற்றி 'தி லிங்க்' என்ற தன் சிறுபத்திரிகையில் எழுதியவர். அந்த ஆலையில் வெள்ளைப் பாஸ்பரஸின் ஆவி தாடை எலும்பை அரிக்கும். கட்டுரை வந்தபின் எழுந்த பிரச்சினையில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமிகளும் வெளிநடப்புச் செய்து, இரண்டு வாரத்துக்குள் வென்றார்கள். மறு ஆண்டே பெசன்ட் பிரம்மஞானத்தின் பக்கம் போனார். 1893இல் இந்தியா வந்தார். 1907இல் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவரானார். 1908இல் லெட்பீட்டரோடு சேர்ந்து வெளியிட்ட 'அக்கல்ட் கெமிஸ்ட்ரி'யில், ஞானதிருஷ்டியால் அணுக்களைப் பார்த்ததாகவும், திடம், திரவம், வாயுவுக்கு மேலே நான்கு ஈதர் நிலைகள் இருப்பதாகவும் எழுதினார்கள். ஈத்திரிக் என்று ஈதருக்கு அவர்கள் வைத்துக்கொண்டது இன்னொரு பெயரடை. மனிதருக்குச் சதை உடம்போடு ஈதர் உடம்பும் உண்டு என்பது அந்த வழி.

ஒரே பெண், இருபது வருடம். ஒரு முனையில் ஆவி அரித்த தாடை எலும்பு, மறு முனையில் கண்ணுக்குத் தெரியாத ஈதர். 1887இலேயே மைக்கேல்சனும் மோர்லியும் ஒளியைச் சுமக்கும் ஈதரைத் தேடித் தோற்றுவிட்டிருந்தார்கள் என்பதால் இதைக் கேலி செய்வது சுலபம். எனக்குக் கேலி வரவில்லை, கொஞ்சம் வருத்தம் வந்தது. நியாயமாகச் சொன்னால் அடையாறு தொழிலாளிகளை ஒரேயடியாகக் கைவிடவும் இல்லை. பெசன்ட்டின் சகாவான பி. பி. வாடியாதான் 1918இல் திரு.வி.க. போன்றோருடன் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கினார். ஆனாலும் பாஸ்பரஸைப் பெயர் சொல்லிப் பார்க்க முடிந்த கண்ணுக்கு ஈதர் போதுமானதாகிவிட்டதே என்று இருக்கிறது. விடைத்தாளில் 'நல்ல சொல்' என்று நான் போட்ட கோடும் அதே ரகந்தான், ரொம்பச் சின்ன அளவில்.

பொருளைப் பார்த்தால் அது சொல்லின் பேச்சைக் கேட்பதே இல்லை. தோழி எனக்கு ஆய்வகத்தில் டைஎத்தில் ஈதரைக் காட்டினார். அந்தத் திரவத்துக்கு அந்தப் பெயர் வந்ததே பெயரடை வழியாகத்தான். 1730 வாக்கில் ஃப்ரோபெனியஸ் என்பவர் லத்தீனில் 'ஈதர்த்தன்மையுள்ள மதுச்சாரம்' என்று அழைத்தார். அதிலிருந்து பெயரடை மட்டும் பெயராக நின்றுவிட்டது. கையில் ஒரு சொட்டு விட்டால் சில்லென்று பறந்துவிடுகிறது. கொதிநிலை சுமார் 35 டிகிரி. நம் சித்திரை வெயிலில் குப்பியிலேயே கொதித்துவிடும். பறந்து வானத்துக்குப் போகும் என்றுதானே பெயர் வைத்தார்கள்? அதன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேசையிலிருந்து வழிந்து தரையோடு தரையாக ஊர்ந்துபோகும். அறையின் அந்த மூலையில் அடுப்பு எரிந்தால் தேடிப் போய்ப் பற்றிக்கொண்டு திரும்பி வரும். "அதனாலதான் ஈதர் இருக்கிற நாள்ல ரூம்ல தீக்குச்சி கிழிக்க விடமாட்டேன்" என்றார் தோழி. கிரேக்கத்தில் அந்தச் சொல்லின் வேர் 'எரிதல்'. அதை என் கரும்பலகையில் நான் எழுதவே இல்லை.

தமிழில் ஐந்தாவது பூதத்துக்கு விசும்பு என்று பழைய பெயர் இருக்கிறது. அடக்க முடியாமல் அடக்கி அழுவதும் விசும்புவதுதான். ஐம்பூதத் தலங்களில் ஆகாயம் சிதம்பரத்துக்குப் போனது. நாங்கள் இருக்கும் காஞ்சிபுரத்துக்கு வந்தது மண். 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் மருத்துவமனைக்குப் போனார்கள். சேர்த்தவர்களின் நிலை என்ன என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. 17ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மறுநாளும் உட்கார்ந்திருந்தார்கள். லாரிகள் நின்றன, மாவட்ட ஆட்சியரும் அமைச்சர்களும் பேச வந்தார்கள், ஆலை மூடப்பட்டு ஜனவரியில்தான் திறந்தது. அந்தப் படங்களில் யாரும் மிதக்கவில்லை. துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, மார்கழிப் பனியில், தார்ச்சாலையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டதும் முதலில் ஒரு தகவலைத்தான்: எங்களோடு இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா?

என் மாணவிக்கு அந்தப் பெயரைத் திரும்பப் பார்க்க மூன்று நாளாயிற்று. ஸ்டோருக்குப் போகக் காரணம் வேண்டுமே. மூன்றாம் நாள் கையுறைப் பெட்டி தீர்ந்துவிட்டது என்று வாங்கப் போனவள், இந்த முறை அடையாள அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். முதல் எழுத்து 'பி'. புரொப்பிலீன்.

தோழியிடம் சொன்னேன். மூச்சு விட்டார். உடனே, "தண்ணின்னு நெனச்சுடச் சொல்லாதே. தலைவலி வருதுன்னா காத்தோட்டம் பத்தலை. மெல்லிசான கையுறை இதுக்குத் தாங்காது. வேற மேசை கேட்டு மாறட்டும்" என்றார். எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் உறுதி செய்துகொண்டாள். கருத்தரித்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு ஒரு படம் அனுப்பினாள். பள்ளிக்கூட நோட்டுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டில் கட்டம் கட்டித் தமிழில் எழுதியிருந்தாள்: திரவத்தின் பெயர், கையுறை போடவும், தீப்பொறி ஆகாது, தலை சுற்றினால் வெளியே போகவும். பெயருக்கு நேரே ஈத்தர் என்றிருந்தது. "த் வருமா மேம், வராதா?" என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் ஈதர் என்றிருக்கும், உச்சரிப்பது உன் மாதிரித்தான், எது வேண்டுமானாலும் இருக்கட்டும் என்றேன். "தப்பா இருந்தா சிரிப்பாங்க மேம்" என்று திருத்தி எழுதினாள். அந்த வரிசையில் இருந்த ஆறு குப்பிகளிலும் ஒட்டினாள். லைன் லீடர் பெண்ணே நல்லதுதான் என்று சொன்னாராம். இரண்டு நாளில் மேலிருந்து யாரோ வந்து, அனுமதி இல்லாமல் எதையும் ஒட்டக் கூடாது என்று உரிக்கச் சொன்னார்கள். உரித்தார்கள். பெயர் தெரிந்த பிறகு உரித்தென்ன? உதடு உதடாகப் பரவிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னதாக ஐதீகம். அவளுக்கு ஏற ஒரு கோபுரமும் இல்லை, கேன்டீன் வரிசைதான் இருந்தது.

ஐந்தாம் மாதம் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. காரணம் என்று எதையும் யாரும் எழுதித் தரவில்லை. 80 நாள் வேலை பார்த்திருந்தால் மகப்பேறு பலனுக்கு உரிமை உண்டு, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு, வழக்காடலாம் என்று நான் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மா வீட்டுக்கு வந்தவாசி பக்கம் போய்விட்டாள். "அப்புறம் பாக்கலாம் மேம்" என்றாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. பெண் குழந்தை. நன்றாக இருக்கிறாள், காலை ஓங்கித் தரையில் உதைத்து நடக்கிறாளாம்.

வேர்ட்ஸ்வொர்த் இன்னும் பாடத்திட்டத்தில் இருக்கிறார். இப்போது அந்த வரி வரும்போது சொல்லின் வேரில் இருக்கும் எரிதலையும், தரையோடு ஊரும் ஆவியையும் சொல்லிவிட்டுத்தான் வானம்பாடிக்குப் போகிறேன். போன வருடம் ஒருத்தி, "இது சிலபஸ்ல இருக்கா மேம்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுதிக்கொண்டாள்.

நேற்று இரவு ஒரு தெரியாத எண்ணிலிருந்து குரல்பதிவு. அதே பஸ் இரைச்சல். "மேம், அக்கா உங்க நம்பர் குடுத்தாங்க. நான் உங்க ஸ்டூடன்ட் இல்ல, ப்ளஸ் டூதான். மூணு பேர் எழுதிட்டு வந்திருக்கேன், பாத்துச் சொல்றீங்களா?" கீழே அடையாள அட்டையின் பின்பக்கத்தின் படம், தெளிவான கையெழுத்து. மூன்றில் ஒன்று ஐபிஏ, அதற்கு நானே பதில் சொல்லிவிட்டேன். மற்ற இரண்டையும் தோழிக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் இன்னும் பார்க்கவில்லை.